கடைக்கண்ணில் சிக்கும் பங்குகள்

2012, 2013 வாக்கில் ராயல் என்ஃபீல்டு ஷோரூமில் கிளாசிக் 350 புக் செய்தவர்கள் வண்டி கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பல ஊர்களில் அது ஆறு மாதத்தைத் தாண்டியது. பொறுமை இல்லாதவர்கள் ஏற்கெனவே ஓடிய வண்டியைக் கிட்டத்தட்டப் புது வண்டி விலைக்கே வாங்கிப் போனார்கள். இதில் ரகசியம் எதுவும் இல்லை. அலுவலக பார்க்கிங்கிலும் டீக்கடையிலும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த விஷயம்தான். அந்தப் பேச்சைக் கேட்ட ஒருவர் வீட்டுக்குப் போய், ‘இந்த வண்டியைச் செய்கிற கம்பெனி எது, அதன் பங்கு சந்தையில் இருக்கிறதா?’ என்று தேடியிருந்தால் ஐஷர் மோட்டார்ஸ் என்ற பெயர் கிடைத்திருக்கும்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாகத் திருவொற்றியூரில் வேரூன்றிய என்ஃபீல்டு, 1994இல் ஐஷர் கைக்குப் போனது. 2009 கடைசியில் கிளாசிக் வந்தது. 2010இல் ஆண்டு விற்பனை சுமார் 52,000 வண்டிகள். 2014இல் அது 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2010 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்த பங்கு 2017 செப்டம்பரில் 30,000 ரூபாய்க்கு மேல் போனது. இதில் கவனிக்க வேண்டியது இடைப்பட்ட காலம். காத்திருப்புப் பட்டியலை 2012இல் கவனித்து, ஒரு வருஷம் நிதானமாகக் கணக்குகளைப் படித்து, 2013 நடுவில் வாங்கியவருக்கும் பங்கு நாலாயிரத்துக்குக் கீழேதான் கிடைத்தது. முதல் ஆளாக ஓட வேண்டிய கட்டாயமே இல்லை.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலீடு செய்கிறவருக்கு இது ஒரு நல்ல வழி என்று உறுதியாக நம்புகிறேன். நாம் தினமும் கடைக்குப் போகிறோம், சமைக்கிறோம், வண்டியை சர்வீஸுக்கு விடுகிறோம், ஏதோ ஒரு தொழிலுக்குள் எட்டு மணி நேரம் இருக்கிறோம். மும்பையில் உட்கார்ந்து எக்செல் பார்க்கும் ஆய்வாளருக்கு எட்டுவதற்கு முன்பே பல மாற்றங்கள் நம் கண்ணில் படுகின்றன. ஆனால் நம் கண்ணில் படுவது விற்பனை மட்டும்தான். பங்குதாரருக்குச் சேருவது லாபம். அந்த லாபத்துக்கு நாம் என்ன விலை கொடுத்து வாங்கினோம் என்பது மூன்றாவது விஷயம். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான் பணம் போகிறது.

இந்த வழிக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தவர் பீட்டர் லிஞ்ச். அமெரிக்காவில் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மெகெல்லன் ஃபண்டை 1977 முதல் 1990 வரை நடத்தியவர். அந்தக் காலத்தில் ஃபண்டு ஆண்டுக்குச் சராசரியாக 29 சதவீதம் வளர்ந்தது. அவர் மனைவி கரோலின் சூப்பர் மார்க்கெட்டில் மளிகையோடு மளிகையாக வாங்கி வந்த ‘லெக்ஸ்’ என்ற காலுறைதான் ஹேன்ஸ் நிறுவனத்தின் பக்கம் அவரைத் திருப்பியது. இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. பிறகு நடந்தது இன்னும் முக்கியம். இன்னொரு நிறுவனம் போட்டிக் காலுறையைக் கொண்டுவந்தபோது, லிஞ்ச் கடைக்குப் போய் அதில் பல ஜோடி வாங்கி வந்து அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்களிடம் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். புதுச் சரக்கு அவ்வளவு தரமில்லை என்று தெரிந்த பிறகே ஹேன்ஸ் பங்கைத் தைரியமாகக் கையில் வைத்திருந்தார்.

1989இல் வந்த அவருடைய ‘ஒன் அப் ஆன் வால் ஸ்ட்ரீட்’ புத்தகத்தைப் படித்த பலர், ‘பிடித்த பொருளைச் செய்யும் கம்பெனியின் பங்கை வாங்கு’ என்று அதைச் சுருக்கிக்கொண்டார்கள். காபி நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பங்கை வாங்கச் சொன்னதே இல்லை என்று பின்னாளில் லிஞ்சே விளக்க வேண்டி வந்தது.

ஆக, கடையில் பார்ப்பது தேடலின் முதல் படி. அதைச் சரியாகப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்

பிரபலமானதைப் பார்க்காதீர்கள், மாறியதைப் பாருங்கள். கோல்கேட் எல்லாக் கடையிலும் தொங்குகிறது என்பது செய்தியே அல்ல, சந்தைக்கு அது பல பத்தாண்டுகளாகத் தெரியும். போன வருஷம் கீழ்த் தட்டில் இருந்த ஒரு பிராண்டு இந்த வருஷம் கண் மட்டத்துக்கு ஏறியிருக்கிறது, இரண்டு வரிசை மூன்றாகியிருக்கிறது என்றால் அது செய்தி.

பாக்கெட்டைக் கையில் எடுத்து உற்பத்தித் தேதியைப் பாருங்கள். இது ஒரு பைசா செலவில்லாத ஆய்வு. பிஸ்கெட்டோ நூடுல்ஸோ ஆறு வாரத்துக்குள் தயாரானதாக இருந்தால் அது ஓடுகிற சரக்கு. நாலைந்து மாதப் பழைய தேதி, மேலே தூசி, கூடவே ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ ஸ்டிக்கர் என்றால், கம்பெனி தள்ளிவிட்ட சரக்கு தட்டில் தூங்குகிறது. ஒரே கடையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை, தெருமுனை மளிகை, பெரிய சூப்பர் மார்க்கெட் என்று மூன்று வகைக் கடையிலும் பாருங்கள். ஊருக்குப் போகும்போது அங்கேயும் பாருங்கள். மதுரையில் பறக்கிற சரக்கு கோவையில் பெயரே தெரியாமல் இருக்கலாம்; சென்னையின் ஒரு ஐ.டி. வளாகத்தைச் சுற்றி நடப்பதை வைத்து இந்தியாவைக் கணிக்க முடியாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் தி. நகரில் கண்ட கூட்டத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எத்தனை பேர் பையோடு வெளியே வருகிறார்கள் என்பதே பயன்படும்.

கடைக்காரரிடம் பேசுவது இன்னும் பலன் தரும். பெரும்பாலானவர்கள் “அண்ணாச்சி, எது நல்லா ஓடுது?” என்று கேட்பார்கள். அவரும் எல்லோருக்கும் தெரிந்த நாலு பெயரைச் சொல்வார். கேள்வியை இப்படி மாற்றுங்கள்: “எந்தச் சரக்கு இல்லேன்னா ஆளுங்க வேற வாங்காம அடுத்த கடைக்குப் போயிடறாங்க?” இந்தப் பதிலில்தான் பிராண்டின் உண்மையான பலம் இருக்கிறது. இன்னொரு கேள்வி: “மாசக் கடைசியில எந்தக் கம்பெனி ஆள் வந்து ரொம்பத் தொந்தரவு பண்ணி சரக்கு எறக்கறாரு?” மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில் கடன் கொடுத்து, ஸ்கீம் கொடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் கோடவுனை நிரப்பினால் அந்தக் காலாண்டின் விற்பனை அழகாகத் தெரியும். அடுத்த காலாண்டில் குட்டு வெளிப்படும். கம்பெனி அறிக்கையில் தெரிவதற்கு முன்பே அண்ணாச்சிக்கு அது தெரியும்.

விலையையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் விலை ஏறாது; கிராம் குறையும். கிராம் குறைந்த பிறகும், அல்லது விலை இரண்டு தடவை ஏறிய பிறகும், உங்கள் வீட்டிலேயே அதே பிராண்டு வருகிறதா? மூலப்பொருள் விலை ஏறும் காலத்தில் லாபத்தைக் காப்பாற்றுகிற கம்பெனிகள் இப்படிப்பட்டவைதான். இதை அறிக்கையில் ஒரு வரியாகப் படிப்பதைவிடச் சமையலறையில் பார்ப்பவருக்குத் தெளிவாகப் புரியும். குடும்பத்தில் மளிகைப் பட்டியல் போடுகிறவர் யாரோ அவரை இந்த விஷயத்தில் கூட்டாளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட செய்திக் காலத்திலும் இந்தக் கண் உதவும். 2015 ஜூனில் மேகிக்கு நாடு முழுவதும் தடை வந்தது. நெஸ்லே இந்தியா அந்தக் காலாண்டில் நஷ்டம் காட்டியது, பங்கு சரிந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நவம்பரில் மேகி மீண்டும் கடைக்கு வந்தது. அப்போது பெரிய கேள்வி ஒன்றுதான்: மக்கள் திரும்ப வாங்குவார்களா? அதற்கு விடை எந்த ஆய்வறிக்கைக்கும் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் மளிகைக் கடைகளிலும் கிடைத்தது. அடுத்த ஆண்டுக்குள் மேகி மறுபடி முதலிடத்தைப் பிடித்தது.

வேலை தரும் கண்

வாங்குபவராக நாம் பார்ப்பதைவிட, வேலை செய்பவராகப் பார்ப்பது ஆழமானது. இதைப் பலர் வீணாக்குகிறார்கள். மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருப்பவர் தன் துறையை விட்டுவிட்டு, யாரோ டெலிகிராமில் சொன்ன சுரங்கக் கம்பெனியை வாங்குகிறார். கட்டடப் பொறியாளர் சாஃப்ட்வேர் பங்கை வாங்குகிறார். சாஃப்ட்வேர்காரர் மருந்துப் பங்கை வாங்குகிறார்.

ஒரு பிளம்பரின் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவர ஒரு காலத்தில் ஜி.ஐ. குழாய்தான். சில வருஷத்தில் துருப்பிடிக்கும், சுவரை உடைக்க வேண்டிவரும். 1990களின் இறுதியில் சி.பி.வி.சி. குழாய் வந்தது. வெந்நீரையும் தாங்கும், துருப்பிடிக்காது, பசை போட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. அதை இந்தியாவில் பரப்பியதில் முன்னால் நின்ற ஆஸ்ட்ரல் 2007இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் எந்த ஊரில் புது வீடு கட்டினாலும் ஜி.ஐ. குழாய் காணாமல் போய்க்கொண்டிருந்ததைக் கொத்தனார், பிளம்பர், ஹார்டுவேர் கடைக்காரர், சைட் என்ஜினியர் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு தொழிலே பழைய பொருளில் இருந்து புதிய பொருளுக்கு மாறும்போது அந்த மாற்றம் பத்து, பதினைந்து வருஷம் ஓடும். அதை உள்ளே இருந்து பார்க்கும் வசதி விலைமதிப்பற்றது.

மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவருக்கு எந்த நிறுவனத்தின் கருவி அடிக்கடி மக்கர் செய்கிறது என்று தெரியும். பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவருக்கு எந்த சப்ளையர் விலை ஏற்றினாலும் வேறு வழியில்லாமல் ஆர்டர் போட வேண்டியிருக்கிறது என்று தெரியும். எலக்ட்ரீஷியனுக்கு எந்த ஒயரைக் கேட்டு வாங்கச் சொல்கிறார்கள் என்று தெரியும். லாரி மெக்கானிக்குக்கு எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்குகிறது என்பது மனப்பாடம். மாதம் ஒருமுறை உங்கள் துறையில் இருக்கும் நண்பர்களோடு உட்கார்ந்து, எதன் விலை ஏறியது, எந்த ஆர்டர் தாமதமாகிறது, யார் ஆளெடுக்கிறார்கள், யார் சம்பளத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று பேசிப் பாருங்கள். பிலிப் ஃபிஷர் என்ற முதலீட்டாளர் 1958இலேயே தன் புத்தகத்தில் இந்த முறையைத்தான் முன்வைத்தார்: வாடிக்கையாளர், சப்ளையர், போட்டியாளர், பழைய ஊழியர் என்று சுற்றிவர விசாரிப்பது.

இங்கே ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. பொதுவெளியில் யாரும் பார்க்கக்கூடியதைப் பார்ப்பது உங்கள் உரிமை. உங்கள் கம்பெனிக்குள், அல்லது நீங்கள் வேலை செய்து கொடுக்கும் கிளையன்ட் கம்பெனிக்குள், இன்னும் வெளியாகாத பெரிய ஆர்டர், காலாண்டு லாபம், இணைப்புப் பேச்சு போன்றவை தெரிந்து அதை வைத்துப் பங்கு வாங்குவதும் விற்பதும் இன்சைடர் டிரேடிங். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015 விதிகளில் அது குற்றம். மனைவி பெயரிலோ மச்சான் பெயரிலோ வாங்கினாலும் தப்பிக்க முடியாது. நண்பரிடம் சொல்வதும் தவறுதான். பட்டியலிட்ட கம்பெனியில் முக்கியப் பொறுப்பில் இருந்தால், காலாண்டு முடிந்ததில் இருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் வரை அந்தக் கம்பெனிப் பங்கைத் தொடவே முடியாது. சந்தேகம் வந்தால் கம்பெனி செக்ரட்டரியைக் கேட்டுவிடுங்கள். வேலையையும் பெயரையும் பணயம் வைக்கிற அளவுக்கு எந்தப் பங்கும் லாபம் தராது.

பெயர் ஒன்று, கம்பெனி ஒன்று

கண்ணில் பட்ட பிராண்டின் சொந்தக்காரர் யார் என்பது அடுத்த படி. ஜாக்கி உள்ளாடையை இந்தியாவில் தயாரித்து விற்பது பெங்களூரு பேஜ் இண்டஸ்ட்ரீஸ். 2007இல் 360 ரூபாய்க்கு ஐ.பி.ஓ. வந்த அந்தப் பங்கு 2022இல் 50,000 ரூபாயைத் தாண்டியது. அந்தக் காலம் முழுக்க ஜாக்கியை உடுத்திய லட்சக்கணக்கானவர்களுக்குப் பேஜ் என்ற பெயரே தெரியாது. டிமார்ட்டின் கம்பெனிப் பெயர் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். டாமினோஸ் பீட்சாவுக்கு ஜுபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். கே.எஃப்.சி.யை தேவயானி, சஃபயர் என்று இரண்டு கம்பெனிகள் நடத்துகின்றன. உங்கள் ஊர்க் கடை யாருடையது என்று பில்லைப் பார்த்தால்தான் தெரியும். அருண் ஐஸ்கிரீம், ஆரோக்யா பால் இரண்டும் ஹட்சன் அக்ரோ. தனிஷ்க் கடை டைட்டனுடையது. அந்த டைட்டனில் டாடாவோடு தமிழ்நாடு அரசின் டிட்கோவும் பெரிய பங்குதாரர்.

தேடிப் போனால் கதவு அடைத்திருப்பதும் உண்டு. சிக் ஷாம்பூ, மீரா சீயக்காய் விற்கும் கெவின்கேர், ஆச்சி மசாலா, சக்தி மசாலா, பார்லே-ஜி பிஸ்கெட்டைச் செய்யும் பார்லே புராடக்ட்ஸ் எல்லாம் இதை எழுதும்வரை சந்தையில் இல்லாத தனியார் நிறுவனங்கள். ஆவின், அமுல் இரண்டும் கூட்டுறவு அமைப்புகள். எவ்வளவு பிடித்தாலும் வாங்கப் பங்கு கிடையாது. அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். ‘அது கிடைக்கவில்லை, அதே தொழிலில் இருக்கும் இன்னொன்றை வாங்குவோம்’ என்று இறங்கினால், நீங்கள் பார்த்த நல்ல பிராண்டிடம் அடி வாங்கும் போட்டியாளரை வாங்கியிருப்பீர்கள்.

ஒரு கம்பெனி பட்டியலிட்டதா என்று உடனே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் தயாரித்தவர், சந்தைப்படுத்துபவர் பெயரைப் படியுங்கள். அந்தக் கம்பெனியின் இணையதளத்திலோ பில்லிலோ லெட்டர்ஹெட்டிலோ சி.ஐ.என். என்ற 21 இலக்க அடையாள எண் இருக்கும். முதல் எழுத்து ‘எல்’ என்றால் பட்டியலிட்டது, ‘யு’ என்றால் பட்டியலிடாதது. அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகை, பிறகு வரும் இரண்டு எழுத்து மாநிலம், அதற்கடுத்த நாலு எண் பதிவான ஆண்டு. ‘யு’ என்று இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று, அது ஏதாவது பெரிய பட்டியலிட்ட கம்பெனியின் துணை நிறுவனமா என்று பார்த்துவிடுங்கள்.

அளவையும் பாருங்கள். இந்துஸ்தான் யூனிலீவர் ஆண்டுக்கு 60,000 கோடி ரூபாய் அளவில் விற்கிறது. அதன் புது ஷாம்பூ ஒன்று உங்கள் தெருவையே கலக்கினாலும், 300 கோடி ரூபாய்க்கு விற்றால் அது மொத்தத்தில் அரை சதவீதம். அதே 300 கோடி, ஆண்டுக்கு 1,000 கோடி விற்கிற கம்பெனிக்கு வாழ்க்கையையே மாற்றும். ராயல் என்ஃபீல்டு ஐஷரை அப்படித் தூக்கியதற்குக் காரணம், அதன் லாபத்தில் பெரும்பகுதி அந்த மோட்டார் சைக்கிளில் இருந்தே வந்தது.

கணக்கைத் திறக்கும்போது

பட்டியலிட்ட கம்பெனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். ஆண்டு முடிவுக்கு 60 நாள். என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் ஆண்டறிக்கை, பங்குதாரர் பட்டியல், ஆய்வாளர்களோடு நிர்வாகம் பேசிய உரையாடல் எல்லாம் இலவசம். வண்டிக் கம்பெனிகள் இன்னும் வசதி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியை ஒட்டி விற்பனை எண்ணிக்கையைச் சொல்லிவிடுகின்றன. ஷோரூமில் கண்டதை மறு மாதமே சரிபார்க்கலாம்.

இவற்றில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்: ஐந்து வருஷ விற்பனை, ஐந்து வருஷ லாபம், கடன், தொழிலில் இருந்து உண்மையில் கைக்கு வந்த பணம், புரொமோட்டர் தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறாரா என்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்குப் போதும். லாபம் காகிதத்தில் ஏறிக்கொண்டே போய், கைக்கு வந்த பணம் மட்டும் ஏறாமல் இருந்தால், வரவேண்டிய பாக்கியும் கோடவுன் சரக்கும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று பாருங்கள். அண்ணாச்சி சொன்ன மாசக் கடைசிக் கதை அங்கே எண்ணாக உட்கார்ந்திருக்கும். கடைச் சங்கிலியாக இருந்தால், புதுக் கடைகளை விட்டுவிட்டு, ஓராண்டுக்கு மேலான பழைய கடைகளின் விற்பனை எவ்வளவு கூடியது என்பதைத் தனியாகப் பாருங்கள்.

கண் மட்டும் போதாது என்பதற்கு மூன்று உதாரணங்கள். மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்.

பேடிஎம் கியூஆர் கோடு இல்லாத டீக்கடை கிடையாது என்ற நிலை இருந்தது. அதன் கம்பெனி ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் 2021 நவம்பரில் ஒரு பங்கு 2,150 ரூபாய் என்று ஐ.பி.ஓ. வந்தது. முதல் நாளே 27 சதவீதம் விழுந்தது. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்க முடியாது என்பது அரசின் விதி. நாம் ஸ்கேன் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது. அதில் கம்பெனிக்கு எவ்வளவு காசு சேருகிறது என்பது தெரிவதில்லை. ஒரு பொருளை ஊரே பயன்படுத்துகிறது என்றால், யார் காசு கொடுக்கிறார்கள் என்பதே அடுத்த கேள்வி.

கஃபே காபி டே கடைகளில் இளைஞர் கூட்டம் நிறைந்திருந்த காலத்தில், 2015 இறுதியில், காபி டே என்டர்பிரைசஸ் 328 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. காபி நன்றாகத்தான் இருந்தது, இடமும் பிடித்திருந்தது. கடன் சுமை கடைக்குள் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது. 2019 ஜூலையில் நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தாவின் மறைவுக்குப் பிறகு நிலைமையின் முழு ஆழம் வெளியே வந்தது. துணை நிறுவனங்களில் இருந்து 3,535 கோடி ரூபாய் புரொமோட்டர் தரப்பு நிறுவனத்துக்குத் திருப்பிவிடப்பட்டதாகச் சொல்லி, 2023 ஜனவரியில் செபி 26 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சிறு முதலீட்டாளர்களின் பணம் கரைந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. கடன் எவ்வளவு, அதன் வட்டி லாபத்தில் எவ்வளவைத் தின்கிறது என்ற இரண்டு வரிகளைப் படித்தவர்கள் தள்ளி நின்றிருப்பார்கள்.

மூன்றாவது டிமார்ட். இங்கே கம்பெனியில் குறை சொல்ல எதுவும் இல்லை. 2017 மார்ச்சில் 299 ரூபாய்க்கு வந்து முதல் நாளே இரட்டிப்புக்கு மேல் ஏறியது. ஆண்டு லாபத்தைப்போல நூறு மடங்குக்கும் மேலான விலையில், 2021 அக்டோபரில் 5,900 ரூபாய் வரை போனது. 2021 மார்ச்சில் 234 ஆக இருந்த கடைகள் 2025 மார்ச்சில் 415 ஆயின. விற்பனையும் கூடியது. ஆனால் 2025 தொடக்கத்தில் பங்கு 4,000 ரூபாய்க்குக் கீழே. உச்சத்தில் வாங்கியவர் கடையில் கண்டது அத்தனையும் சரி. அவர் கொடுத்த விலைதான் அவரை மூன்று வருஷத்துக்கு மேல் நஷ்டத்தில் நிறுத்தியது. எனவே பி.இ. எனப்படும் விலை-லாப விகிதத்தை அந்தக் கம்பெனியின் சென்ற பத்து வருஷ விகிதத்தோடும், அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களோடும் ஒப்பிடுங்கள். மிக அதிகமாகப் பட்டால் பெயரை எழுதி வைத்துவிட்டுக் காத்திருங்கள். பேஜும் ஐஷரும் பல வருஷம் அவகாசம் கொடுத்தன.

நோட்டும் அளவும்

ஒரு சின்ன நோட்டு போதும். பார்த்த தேதி, இடம், என்ன மாற்றம், கம்பெனி யார், பங்கு விலை என்ன. மூன்று மாதம் கழித்து அதே கடை, அதே தட்டு, அதே கேள்வி. பெரும்பாலான பெயர்களை நீங்களே அடித்துவிடுவீர்கள். அதுதான் நடக்க வேண்டியது. மிஞ்சுகிற ஒன்றிரண்டுக்கு மட்டும் கணக்கைத் திறங்கள். வாங்குவதற்கு முன், ‘இதை ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் விற்பேன்’ என்று நாலு வரி எழுதுங்கள். அந்த நாலு வரி வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பணத்தின் அளவில் கண்டிப்பு வேண்டும். அவசரத்துக்கு ஆறு மாதச் செலவு, மருத்துவக் காப்பீடு, பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்டு எஸ்.ஐ.பி. என்று அடித்தளம் போட்ட பிறகு மிஞ்சுவதில் ஒரு பகுதிதான் இதற்கு. மகள் கல்லூரிக் கட்டணத்தையோ நகைக் கடனையோ இதில் கொண்டுவராதீர்கள். ஒரே கம்பெனியில் மொத்தத்தையும் போடுவதும் வேண்டாம். குறிப்பாக நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில். அங்கே சரிவு வந்தால் சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் ஆட்டம் காணும். இந்தக் கட்டுரையில் வந்த பெயர்கள் எல்லாம் படிப்பதற்கான உதாரணங்கள், இன்று வாங்கச் சொல்லும் பரிந்துரைகள் அல்ல.

விற்கும் நேரத்தையும் அதே கண் காட்டும். 2018இல் ராயல் என்ஃபீல்டு காத்திருப்பு கரைந்தது. பெரும்பாலான மாடல்கள் கேட்ட உடனே கிடைத்தன. அந்த செப்டம்பரில் இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்ற விதி வந்து, வண்டி எடுக்கும் செலவு கூடியது. நவம்பரில் ஜாவா மறுபடி சந்தைக்கு வந்தது. 2018-19இல் 8.2 லட்சத்தைத் தாண்டியிருந்த விற்பனை அடுத்த நிதியாண்டில் 7 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. 2017 உச்சத்தில் இருந்து பார்த்தால் 2019இல் பங்கு விலை ஏறத்தாழப் பாதி. 2013இல் வாங்கியபோது நோட்டில் ‘ஆறு மாதக் காத்திருப்பு’ என்று காரணம் எழுதியவர், அந்தக் காத்திருப்பு மறைந்ததை ஷோரூம் வாசலிலேயே பார்த்திருப்பார். மாதா மாதம் முதல் தேதியில் வந்த எண்ணிக்கை அதை உறுதி செய்திருக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு பகுதியையாவது விற்று, மிச்சத்தை ஏன் வைத்திருக்கிறேன் என்பதற்குப் புதிதாக நாலு வரி எழுத வேண்டும்.